கல்லு மடுவம் இருந்த மைதானம்

சிவப்புப் பெயின்ற் டின்னோடு நான் மைதானத்துக்குள் போனபோது, மன்சூர் காக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம். வெயில் இறங்கிக் கடலில் காற்று எழும்பியிருந்தது.

மடுவம் என்று நாங்கள் சொல்லும் பழைய மண்டபத்தின் முன்வரிசையில் எட்டுத் தூண்கள். கடல் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாவது தூணில்தான் அவர் எப்போதும் முதுகைச் சாய்த்திருப்பார். இடிக்க வேண்டிய கட்டடம் என்று காட்ட, ஒவ்வொரு தூணிலும் பெருக்கல் குறி போடும்படி நான் வேலை செய்த காரியாலயத்திலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள்.

நான் வேண்டுமென்றே மறுகோடியில் தொடங்கினேன். ஐந்து தூண்கள் முடிந்தன. பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போய் மற்ற இரண்டையும் முடித்தேன். அதற்குமேல் தள்ளிப்போட ஒன்றுமில்லை.

"காக்கா" என்றேன்.

"இதுக்கும் போடணுமா தம்பி?"

"ஓம் காக்கா. எட்டுக்கும் போடச் சொல்லியிரிக்காங்க."

அவர் எழும்பிச் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். எனக்கு வசதியாக இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவர் சாய்ந்திருந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்றிருந்தது. தூரிகை அதில் வழுக்கியது. பெயின்ற் கீழே ஒழுகியது.

"கூட்டத்துல சொல்லிப் பாத்தன் காக்கா. அவங்க கேக்கல்ல" என்றேன்.

"ஓம். நீங்க என்ன செய்யிற" என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

நான் அவரிடம் சொன்னது பொய். அதை எழுதாமல் இந்தத் தொடரை முடிக்க எனக்கு மனமில்லை.

மடுவம் வந்த கதை

என் கால்பந்து நாட்களைப் பற்றிய அத்தியாயங்களைப் படித்த வாசகி ஒருவர், அந்த மைதானத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கான பதிலும் இதற்குள் இருக்கிறது.

கல்முனைக் கரையோரத்தில் பிறந்த எங்களுக்குப் பந்தும் கடலும் ஒன்றாகத்தான் பழக்கமாயின. உதைத்த பந்து அலைக்குள் விழும். நீந்தி எடுத்துவந்து ஈரத்தோடு மறுபடி உதைப்போம். மைதானத்தின் கிழக்கோரத்தில் நீளமான மண்டபம் ஒன்று இருந்தது. காகிதங்களில் அதற்கு என்ன பெயரோ, ஊரில் அது கல்லு மடுவம்.

எங்கள் வாப்பாமாரின் காலத்தில் கட்டியது. கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். சீமெந்து கிடையாது. கட்டியவர்கள் காரைதீவு மேசன்மார். மரம் ஏற்றிவந்தவை சம்மாந்துறை வண்டில்கள். கல்முனைக்குடி மீன்காரர்கள் ஒரு வாரம் கரைவலை இழுத்த மீனையெல்லாம் இதற்கென்று விட்டுக்கொடுத்தார்களாம். எந்த ஊருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்காத காலம்.

வெயிலில் ஓடி வந்து அந்தச் சுவரில் வெறும் முதுகைச் சாய்த்தால் குளிர் உள்ளே இறங்கும். மழைக்காலத்தில் அதற்கு ஒரு மணம் உண்டு. ஈரச் சுண்ணாம்பும் உப்பும் வியர்வைத் துணியும் கலந்த மணம். அதை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை.

மைதானத்துக்குத் தெற்கே தோணா. வயல்வெளியிலிருந்தும் ஊருக்குள்ளிருந்தும் வருகிற வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகிற நீர்வழி. கோடையில் கணுக்காலளவு தண்ணீர்தான். மாரி வந்தால் அது நிறைந்து, கடல்வாயை உடைத்துக்கொண்டு ஓடும்.

பிறகு யுத்தம் வந்தது. தமிழ் ஊரான காரைதீவின் ஆட்கள் எங்கள் முஸ்லிம் ஊர்ப் பக்கம் வரவும், நாங்கள் அவர்கள் பக்கம் போகவும் பயந்த வருடங்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் நடந்துவந்த கால்பந்தாட்டம் நின்றுபோனது. மடுவத்தில் ஆடுகள் படுத்தன.

மூன்றாவது தூண்

சுனாமி வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா நாளுமாக இருந்தது. காலையில் எங்கள் அணிக்குப் பயிற்சி. எனக்குக் காய்ச்சல் என்று போகவில்லை. எங்கள் வீடு பிரதான வீதிக்கு மேற்கே. அந்தக் காய்ச்சலால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மன்சூர் காக்கா புடவை வியாபாரி. சைக்கிள் கரியரில் சாரமும் சீத்தைத் துணியும் கட்டிக்கொண்டு திருக்கோவில் வரை போய் விற்பார். தமிழ் ஊர்களில் அவரை எல்லோருக்கும் தெரியும். கரையோரத்தில், மடுவத்துக்குப் பின்னால்தான் அவர் வீடு. மனைவி றைஹானா. ஒரே மகள் பஸ்மியா, அப்போது ஆறாம் வகுப்பு. அன்று காலை காக்கா சம்மாந்துறையிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார்.

முதல் தண்ணீர் வந்தபோது மைதானத்தில் நின்ற எங்கள் கோல்காவலன் நௌபர், ஓடிவந்த பஸ்மியாவைத் தூக்கி மடுவத்துக்குள் கொண்டுபோனான். "தூணைப் புடி மகள், உட்டுராத" என்று அவளுடைய இரண்டு கைகளையும் மூன்றாவது தூணில் வைத்துவிட்டு அடுத்த தூணை அவன் பிடித்துக்கொண்டான். தண்ணீர் கழுத்தளவில் நின்றது. அவள் வாப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். பிறகு பெரிய அலை வந்தது. அது வடிந்தபோது நௌபர் இருந்தான். தூண் இருந்தது.

றைஹானாவைத் தோணா ஓரத்துத் தாழங்காட்டில் மூன்றாம் நாள் எடுத்தோம். மகள் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் அணியில் நான்கு பேர் போனார்கள். அணித்தலைவர் ஹனீபா சேரின் தம்பியும் அதில் ஒருவன்.

கரையோரத்தில் நின்ற புதிய சீமெந்து வீடுகளெல்லாம் அத்திவாரத்தோடு போயிருந்தன. மடுவம் ஓடுகளை மட்டும் இழந்து நின்றது. இறந்தவர்களின் ஜனாஸாக்களை அதற்குள்தான் வரிசையாகக் கிடத்தினோம். காரைதீவிலிருந்து தாய்மார் தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் அந்த மடுவத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். முகத்தை மூடியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினோம். இது எங்கட புள்ள, இது ஒங்கட புள்ள என்று அன்று யாரும் பிரித்துக் கதைக்கவில்லை.

நௌபர் நடந்ததை மன்சூர் காக்காவிடம் சொல்லிவிட்டு, அடுத்த வருடம் கட்டாருக்கு வேலைக்குப் போனான். திரும்பி வரவேயில்லை. அவன் சொன்ன நாளிலிருந்து காக்கா ஒவ்வொரு அஸருக்கும் பிறகு அந்தத் தூணடிக்கு வரத் தொடங்கினார்.

நல்ல செய்தி

யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகளில் மண்மூட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. சில காலத்தில் அந்தச் செய்தி வந்தது. நாடு முழுவதிலுமிருந்து வீரர்கள் வருகிற பெரிய விளையாட்டு விழா ஒன்று எங்கள் பக்கத்தில் நடக்கப்போகிறது. அதற்கு எங்கள் மைதானமும் ஓர் இடம்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதை மறைக்க மாட்டேன். வளைவில் வெள்ளைக்கோடு போட்ட ஓடுபாதையைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது காரியாலயத்தில் படவரைஞன். அந்தப் பாதையை நானே கீறப்போகிறேன்.

மேலே இருந்து வந்த குறிப்பின்படி கீறினேன். பார்வையாளர் அரங்கு கிழக்கே, மடுவம் நிற்கிற இடத்தில். வாகனத் தரிப்பிடம் தெற்கே, தோணாவைக் கிரவல் போட்டு நிரப்பி. படத்தில் மடுவத்தை அழிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

செய்தி ஊருக்குள் பரவியதும் மன்சூர் காக்கா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தோம். குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, மடுவத்த ஒடைக்கப் போறாங்களாமே?"

"அப்படித்தான் பிளான் காக்கா."

"மத்தவங்களுக்குக் கபுறு இரிக்கி. போய் நிண்டு ஸலாம் சொல்லலாம். என்ட புள்ளைக்கி அந்தத் தூண்தான் இரிக்கி." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "விழா வேணாம் எண்டு நான் சொல்லல்ல. அவளும் ஓட்டத்துல கெட்டிக்காரி" என்றார்.

அவர் போன பிறகு நான் வேறொரு படம் கீறத் தொடங்கினேன். யாரும் கேட்டுக் கீறியதல்ல. அரங்கை மேற்குப் பக்கத்துக்கு மாற்றினேன். அங்கே இருந்தால் பின்னேர வெயில் பார்வையாளர்களின் கண்ணிலும் படாது. மடுவத்துக்கு ஓடு போட்டு வீரர்கள் உடுப்பு மாற்றும் இடமாக்கினேன். தோணாவைத் தொடாமல் விட்டு, வாகனங்களைப் பாடசாலை வளவுக்கு அனுப்பினேன். அரங்குக்குச் செலவும் கூடவில்லை, ஓடுபாதையும் மாறவில்லை. என் வாழ்நாளில் நான் கீறிய ஆகச் சிறந்த படம் அதுதான்.

கொழும்பிலிருந்து வந்திருந்த இஞ்சினியரிடம் காட்டினேன். சிங்களவர், அமைதியான மனிதர். நெடுநேரம் பார்த்தார். தெரிந்த தமிழில் சொன்னார்: "நல்ல வேலை. எனக்கு விருப்பம். ஆனா நான் வெளி ஆள். கூட்டத்தில நீங்க எழும்பிச் சொல்லுங்க. ஊர் சரி எண்டா நான் மாத்துறன்."

அன்று பின்னேரமே தூணடிக்குப் போய்க் காக்காவிடம் சொன்னேன். "வேற பிளான் கீறியிரிக்கன் காக்கா. மடுவம் நிக்கும். கூட்டத்துல நான் எழும்பிச் சொல்லுவன்."

அவர் என் கையைப் பிடித்தார்.

கூட்டம்

பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. யன்னல்களுக்கு வெளியேயும் ஆட்கள். சுருட்டிய படத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

முதலில் பேசியவர் ஹனீபா சேர். எங்கள் பழைய அணித்தலைவர், அப்போது ஒழுங்கமைப்புக் குழுவின் தலைவர். மேடையேறாமல் எங்களுக்கு நடுவிலேயே நின்று பேசினார்.

"முப்பது வருசமா இந்த ஊர் என்னத்தக் கண்ட? வெடியையும் தண்ணியையும்தான் கண்ட. இப்பதான் ஒரு நல்லது வருது. மடுவம் நம்மட வாப்பாமார் கட்டினதுதான், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா எனக்கு அதப் பாத்தா என்ட தம்பி கெடந்த இடம்தான் தெரியிது. ரெண்டாம் வரிசையில, சுவரோரமா. எங்கட புள்ளைகள் அதப் பாத்துக்கிட்டா ஓடணும்? புதுசு கட்டட்டும். கண்ணுக்கு முன்னால இரிந்து அது போகட்டும்."

அவருடைய குரல் உடைந்தது. மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் தம்பியின் ஜனாஸாவை அந்தச் சுவரோரத்தில் கிடத்தியவர்களில் நானும் ஒருவன்.

இஞ்சினியர் எழும்பினார். "வேற அபிப்பிராயம் உள்ள ஆக்கள் சொல்லலாம்" என்றார். அவர் பார்த்தது என்னை. நான் குனிந்து, படத்தைச் சுற்றியிருந்த றப்பர் வளையத்தைப் பார்த்தேன். அவர் மறுபடியும் கேட்டார். காத்திருந்தார். பிறகு கோப்பை மூடினார்.

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை, அதனால் பயந்தேன் என்று பிற்காலத்தில் ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மையல்ல. ஹனீபா சேர் அழுத பிறகு எழும்பி, நீங்கள் சொல்வது சரியில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். ஒரு மனிதரின் துக்கத்துக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்தேன். இன்னொரு மனிதரின் துக்கத்துக்கு வாக்குக் கொடுத்திருந்ததை அந்த நிமிடத்தில் கைவிட்டேன்.

அடுத்த கிழமை பெயின்ற் டின்னோடு போனேன்.

இரண்டு நாள் வேலை

பெக்கோ இயந்திரம் வந்தது. அரை நாளில் முடியும் என்றார்கள். இரண்டு நாள் சென்றது. அந்தச் சுவர்கள் உடையவில்லை, பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தூண்கள் விழுந்தபோது வெள்ளைத் தூசி எழும்பி எங்கள் தலைமுடியில் படிந்தது. மன்சூர் காக்கா வரவில்லை.

கற்களை லொறியில் ஏற்றித் தோணாவுக்குள் கொட்டினார்கள். அதன் மேல் கிரவல். அதன் மேல் ரோலர் ஓடியது.

விழா நன்றாக நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளைகள் எங்கள் வீடுகளில் சாப்பிட்டார்கள். திருக்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி நீண்ட ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் மூன்று பேரை முந்திக்கொண்டு வந்தபோது, அரங்கில் இருந்த எங்கள் பெண்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். ஹனீபா சேர் என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் கைதட்டினேன். கை வலிக்கும்வரை தட்டினேன்.

விழாவுக்கு வந்த சனத்துக்குள் மன்சூர் காக்காவைத் தேடினேன். சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீட்டைக் கொடுத்துவிட்டுச் சம்மாந்துறைக்குத் தங்கச்சியிடம் போய்விட்டார் என்றார்கள்.

மாரி

விழா முடிந்ததும் மைதானத்தின் கதவைப் பூட்டினார்கள். பூட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று ஊரில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஓடுபாதைக்குத் தண்ணீர் விட ஆளில்லை. உப்புக் காற்றில் அரங்கின் இரும்பு முதலில் மஞ்சளாகி, பிறகு செதில் செதிலாக உதிர்ந்தது. பொடியன்மார் பந்தை எடுத்துக்கொண்டு மறுபடி கடற்கரை மணலுக்கே போனார்கள்.

அடுத்தடுத்து இரண்டு மாரிகள் லேசாகத்தான் பெய்தன. மூன்றாவது மாரி விடாமல் கொட்டியது. வயல்வெளி வெள்ளம் தோணாவைத் தேடி வந்தது. தோணா இல்லை. திரும்பி ஊருக்குள் ஏறியது. நாற்பது வருடமாகத் தண்ணீர் காணாத எங்கள் வீட்டில் இடுப்பளவு நின்றது. ஹனீபா சேரின் வீட்டிலும் அப்படித்தான்.

வெள்ளம் வடிந்ததும் என் படங்களை முற்றத்துக் கொடியில் காயப்போட்டேன். பழைய மைதானத்தின் அளவைப் படம், மடுவத்தின் அளவுகள், நான் கீறிய இரண்டாவது படம் எல்லாம் மை கரைந்து நீலத் தண்ணீராக வடிந்துகொண்டிருந்தன. தன் வீட்டுச் சேற்றைக் கழுவிவிட்டு வந்த ஹனீபா சேர், கொடியில் தொங்கியதை நின்று பார்த்தார். மடுவமும் தோணாவும் அதில் இன்னும் மங்கலாகத் தெரிந்தன.

"இது எப்ப கீறின?"

"கூட்டத்துக்கு முந்தி, சேர்."

அவர் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். அது கையோடு கிழிந்து வந்தது. அதைக் கொடியில் திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றிக் கதை வந்ததேயில்லை.

சம்மாந்துறையில்

இரண்டு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சம்மாந்துறைக்குப் போனேன். அரிசி ஆலை ஒன்றின் பக்கத்தில் தங்கச்சி வீடு. முன்னறையில் சிறிய புடவைக் கடை. மன்சூர் காக்கா மெலிந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. சாப்பிட வைத்த பிறகுதான் பேச விட்டார்.

"காக்கா, ஒண்டு சொல்லணும். அண்டைக்கி கூட்டத்துல நான் வாய் தொறக்கல்ல. சொல்லிப் பாத்தன் எண்டு ஒங்களுக்கிட்டச் சொன்ன பொய்."

ஆலையின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு சாரத்தை மடித்து முடித்தார்.

"தெரியும் தம்பி. நான் யன்னலுக்கு வெளிய நிண்ட."

அவர் அடுத்த சாரத்தை எடுத்தார்.

"இஞ்சினியர் ரெண்டு தரம் கேட்டார். ரெண்டு தரமும் ஒங்கட தலையத்தான் பாத்துக்கு நிண்டன்."

"அப்ப ஏன் காக்கா அண்டைக்கி ஒண்டும் சொல்லல்ல?"

"பெயின்ற் டின்னோட நிக்கிற மனிசனுக்கிட்ட என்னத்தச் சொல்லுற." மடித்த சாரத்தை அடுக்கில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கோவம் இரிந்திச்சி. ரெண்டு வருசம் இரிந்திச்சி. ஹனீபாட தம்பியும் எனக்குப் புள்ள மாதிரித்தான். அத நெனச்சி நெனச்சிக் கொறஞ்சி போச்சி. முழுசாப் போகல்ல."

மன்னிப்பதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புறப்படும்போது, தானும் கரைக்கு வருவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் போய் மூன்று வருடமாகிறதாம். காரைதீவுச் சந்தி வரை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்தோம்.

மைதானத்தின் கதவு பூட்டியிருந்தது. கம்பி வேலியோரமாக நின்றோம். உள்ளே அரங்கின் கீழே எருக்கலை முளைத்திருந்தது. நிலம் முழுவதையும் மேடாக்கிச் சமப்படுத்தியிருந்தார்கள். கடலும் கரையைக் கொஞ்சம் தின்றிருந்தது. அளவெடுக்கப் பழைய கல் ஒன்றுகூட மிச்சமில்லை.

"எந்த இடம் தம்பி?" என்றார்.

கையை நீட்டி எதையாவது காட்டியிருக்கலாம். நம்பியிருப்பார். அந்த மைதானத்தை அங்குலம் அங்குலமாகக் கீறியவன் நான்தானே.

"தெரியா காக்கா" என்றேன். "அளவெல்லாம் வெள்ளத்துல போயிட்டு. எனக்கே தெரியா."

அவர் தலையாட்டினார். வேலிக் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை மெல்லப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, எந்த இடத்தையும் பார்க்காமல், முழு மைதானத்தையும் பார்த்துக் கையேந்தினார். உதடுகள் அசைந்தன. நானும் கையேந்தினேன். எனக்கு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டார்.

"வாங்க தம்பி" என்றார். "பஸ் போயிரும்."